உரிமையாளர் என்ற இடத்தில்

– இதென்ன கண்ணு, தொறந்ததும் மேலயே என்ற மூஞ்சி இத்தாப் பெருசு இருக்குது? எடுத்துரு, எடுத்துரு. எங்கூட்டுக்காரரு பாக்கறதுக்குள்ள எடுத்துரு.

– ஏனுங்க்கா? நல்லாத்தான இருக்கீங்க. மெசினு முன்னால உக்காந்து, தார்ப்பாய மடில போட்டுக்கிட்டு... போன வாரம் நான் எடுத்த எரநூறு போட்டோல இதுதானுங்க ஒண்ணாம் நம்பரு.

– நல்லாருந்தா ஊட்டுச் செவுத்துல மாட்டிக்கலாம். வெப்சைட்டுல எதுக்கு? இரு, அதுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்குது... 'சௌந்திரம், உரிமையாளர்'. அட சாமி! ரஞ்சிதா, இத யாரு எழுதச் சொன்னது?

– யாரும் சொல்லலீங்க. நீங்க குடுத்த ஜிஎஸ்டி சர்டிபிகேட்டுல அப்படித்தான இருக்குது.

– அது ஆடிட்டரு சொன்னாருன்னு எம்பேருல போட்டது. அதையா பாப்பாங்க? நீ பஸ்ஸ உட்டு எறங்கறப்ப பைபாஸ் முக்குல நம்ம போர்டப் பாத்தியா இல்லியா? மேல 'கனிஷ்கா தார்ப்பாய்'னு எங்க புள்ள பேரு. கீழ 'உரிமையாளர்: மணியன்'. பத்தொம்பது வருசமா சங்ககிரியத் தாண்டற லாரிக்காரன் அத்தன பேரும் படிக்கற போர்டு.

– பாத்தனுங்க. பாத்துட்டு உள்ள வந்தா அஞ்சு பொண்ணுங்க தச்சுக்கிட்டு இருக்காங்க, நடுவுல நீங்க சாக்பீஸும் டேப்புமா முட்டி போட்டுக்கிட்டுத் துணில கோடு போட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் கண்ணுல பாத்தத எழுதுனனுங்க.

– கண்ணுல பாத்ததையெல்லாம் எழுதுனா குடும்பம் நடக்குமா? கம்முனு மாத்து. இந்தா, வந்துட்டாங்க. மூடு, மூடு.

– என்ன, பொண்டுக ரண்டு பேரும் கம்ப்யூட்டருக்குள்ள தலைய உட்டுக்கிட்டு? ரைட்டு, நம்ம வெப்சைட்டு வண்டி கெளம்பிருச்சா, இன்னும் செட்டுலதான் நிக்குதா?

– கெளம்பறதுக்கு ரெடிங்கண்ணா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏத்திரலாம். நீங்க கேட்ட மேப்பு வந்துருச்சு, பாருங்க.

– எங்க, காட்டு... அட! பதினாலு வீலு வண்டி எங்க திரும்போணும்னு நான் சொன்ன எடத்துல அம்புக்குறி போட்டுட்டியே! ரைட்டு, ரைட்டு. இது ரொம்ப முக்கியம்மா. எத்தன டிரைவரு அந்தப் புளியமரத்துச் சந்துல உட்டுட்டு, முன்னால போகவும் முடியாம ரிவர்ஸ் எடுக்கவும் முடியாம என்னக் கூப்பிட்டிருக்கான் தெரியுமா? கடை எங்க இருக்குதுன்னு எவன் வேணாலும் சொல்லுவான். வண்டி எப்படித் திரும்போணும்னு சொல்றவன்தான் லாரி தெரிஞ்சவன்.

– அதத்தானுங்க நான் எல்லாக் கடைக்காரங்ககிட்டயும் சொல்றது. நாம பேசறதுக்கு இல்லீங்க வெப்சைட்டு. வாரவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்றதுக்கு.

– போன தடவ ஒருத்தன் செஞ்சு குடுத்தானே, அவன் இப்படியெல்லாம் கேக்கவே இல்ல. பனி பெய்யற ஊருல ஒரு லாரி நிக்கற போட்டோவப் போட்டுட்டுப் போயிட்டான். நானும் ஒரு வருசம் பெருமையாக் காட்டிக்கிட்டு இருந்தேன், நம்ம தார்ப்பாய் அமெரிக்கா போயிருச்சுன்னு. இரு, மேல தள்ளு, மொதல்ல என்ன வருதுன்னு பாக்கலாம்.

– மேல ஒண்ணுமில்லீங்க மாமா. இன்னும் முடியல. நீங்க அப்பறமாப் பாருங்க.

– தள்ளுன்னா தள்ளு சௌந்திரம்... ம்.

– இந்தப் புள்ள தெரியாமப் போட்டுருச்சுங்க. இப்பத்தான் மாத்தச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்துட்டீங்க.

– 'சௌந்திரம், உரிமையாளர்.' ம்... ஏம்மா ரஞ்சிதா, ஒண்ணு கேக்கறேன். வெப்சைட்டுல ஒரு பேரும் போர்டுல ஒரு பேரும் இருந்தா என்னாகும்?

– தப்புங்கண்ணா. மேப்பப் பாத்துட்டு வாரவங்க போர்டுல வேற பேரப் பாத்தா, எடம் மாறி வந்துட்டமோன்னு நெனைப்பாங்க. பெரிய கம்பெனிக்காரங்கன்னா சந்தேகமே வந்துரும். ரண்டும் ஒண்ணா இருக்கோணும்.

– ரண்டும் ஒண்ணா இருக்கோணும். ரைட்டு. நான் சித்த வெளிய போயிட்டு வாரேன்.

– டீ போட்டிருக்கனுங்க.

– வேண்டாம்.

– ஏனுங்க, கடை செல்போன மேசை மேலயே வெச்சுட்டுப் போறீங்க?

– என்ற போனு சட்டைப்பையில இருக்குது. அது அங்கயே கெடக்கட்டும்.

– பாத்தியா கண்ணு. போயிட்டாங்க. வண்டிய உதைக்கற சத்தத்தக் கேளு. கோவத்துல இருந்தாத்தான் அப்படி உதைப்பாங்க.

– என்னால ஆச்சுங்களே. மன்னிச்சுக்கங்கக்கா.

– பத்தொம்பது வருசத்துல அந்தக் கடை செல்போன இடுப்ப உட்டு எறக்குனதில்ல. கனிஷ்காவுக்குக் காது குத்தறப்பக்கூட ஒரு பக்கம் புள்ள, ஒரு பக்கம் போனு. யாரு கூப்பிட்டாலும் 'ஓனரு மணியன் பேசறேன்'னுதான் ஆரம்பிப்பாங்க. இன்னிக்குத் தூக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க பாரு. என்ற பேர எடுத்துரு சாமி. அவிக பேரப் போடு.

– சரிங்க, போடறேன். ஆனா 'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்குதுங்க. எப்படி ஆரம்பிச்சதுன்னு அதுல எழுதோணும். நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கறேன். அண்ணன் எப்படிக் கடைய ஆரம்பிச்சாரு?

– எழுதிக்கோ. அவிக அப்ப இன்னொருத்தரோட லாரி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆடி மாசம். சக்கரை மூட்டை ஏத்திக்கிட்டு மங்களூரு போனாங்க. மலைப்பாதைல மழைன்னா மழை, நாலு நாளு உடல. போயிப் பிரிச்சுப் பாத்தா மேலடுக்கு அத்தனையும் பாகாப் போயிருக்குது. தார்ப்பாய் புதுசு. கிழிசலு கெடையாது. ஆனா தண்ணி எறங்கிருச்சு. வண்டிக்காரரு, நீ கயிறு சரியாக் கட்டலன்னு சொல்லி வண்டிய உட்டு எறக்கிட்டாரு. மூணு நாளு ஊட்டுல செவுத்தப் பாத்துப் படுத்திருந்தாங்க. நான் கட்டற கயித்துல தண்ணி எறங்குமா சௌந்திரம்னு கேட்டாங்க. எனக்குப் பொறுக்கல கண்ணு.

– ம், சொல்லுங்க. 'பிறகு மணியன் அந்தத் தார்ப்பாயை...'

– அந்தத் தார்ப்பாய அவிக... அவிக எங்க, நான்தான் போயி அந்த வண்டிக்காரரு ஊட்டுல கேட்டு வாங்கியாந்தேன். களத்துல நாலு கட்டிலுக்கு மேல விரிச்சுக் கட்டி, கீழ பேப்பரப் பரப்பிட்டு, கொடங்கொடமாத் தண்ணி ஊத்துனேன். துணி ஒழுகவே இல்ல. தையலு ஒழுகுது. ஊசி போற ஒவ்வொரு ஓட்டைலயும் சொட்டுச் சொட்டா எறங்குது. என்ற பொறந்த ஊடு பள்ளிபாளையம். தறிச் சத்தத்துல பொறந்தவ. துணியப் பத்தித் தெரியாதா எனக்கு? அத்தன தையலையும் பிரிச்சேன்.

– 'மணியன் அத்தனை தையலையும் பிரித்து, மறுபடி தைத்தார்.' சரிங்களா?

– அவிகளா! அவிகளுக்கு ஊசில நூலு கோக்கத் தெரியாது புள்ள!

– பின்ன நான் என்னங்க எழுதறது?

– எழுது, எழுது. என்னமோ எழுது. நூல மெழுகுல இழுத்து, துணிய ரண்டு மடிப்பா மடிச்சு, மடிப்போட வாயி வண்டியோட பின்பக்கம் பாக்கற மாதிரி தச்சேன். முன்ன வாயி முன்னால பாத்துக்கிட்டு இருந்துது. வண்டி ஓடறப்ப காத்தே தண்ணிய உள்ள தள்ளும். ஓடு வேயறப்ப மேலோடு கீழோட்டு மேல உக்காரோணும்ல, அந்த மாதிரி. மறுபடி இருவது கொடம் ஊத்துனேன். கீழ கெடந்த பேப்பரு மொடமொடன்னு இருந்துச்சு. அதக் கையில எடுத்துக்கிட்டுப் போயி அவிக மூஞ்சிக்கு முன்னால ஆட்டுனேன். உங்க கயித்து மேல தப்பில்லீங்க, தச்சவன் மேல தப்புன்னு. அன்னிக்குத்தான் எந்திரிச்சு உக்காந்து சோறு தின்னாங்க.

– அக்கா, எனக்கு மேலெல்லாம் புல்லரிக்குதுங்க.

– பொறவு அவிக வேற வண்டில ஏறுனாங்க. அந்தத் தார்ப்பாயவே எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதே மலை, அதே மழை. ஒரு மூட்டைகூட நனையல. லோடு எறக்கற எடத்துல மத்த டிரைவருங்க, எங்கப்பா தச்சதுன்னு கேட்டிருக்காங்க. 'எங்கூட்டுல தச்சது'ன்னு சொன்னாங்களாம். அவங்க ஊடுன்னா மணியன்னு எடுத்துக்கிட்டாங்க. பத்துப் பேரு வந்தாங்க, இருவது பேரு வந்தாங்க. எல்லாரும் அவிகளத் தேடித்தான் வந்தாங்க. அப்பப் போர்டு எழுதறப்ப, ஒரு பொம்பள பேரப் போட்டா லாரிக்காரன் உள்ள வருவானான்னு நான்தான் சொன்னேன். அவிக பேரப் போடச் சொன்னதே நான்தான் கண்ணு.

– நீங்களேவா?

– நானேதான். எனக்கு அதுல ஒரு கொறையும் தெரியல அப்ப. அவிகளும் சும்மா இல்ல. முட்டி போயி ஓட்டறத நிறுத்துன பொறவு, ஒரு வண்டி நம்பரச் சொன்னாப் போதும், அதோட நீளம் அகலம், எந்த மூலைல கொக்கி இருக்குது, எந்தப் பக்கம் பாடி வளைஞ்சிருக்குது, எல்லாத்தையும் மனசுல இருந்து சொல்லுவாங்க. எனக்குத் துணி தெரியும், அவிகளுக்கு வண்டி தெரியும். இத்தன வருசம் அப்படியே ஓடிருச்சு.

– அப்பப் பத்து நாளைக்கு முன்னால என்னாச்சுங்க? அண்ணன் திடீர்னு எங்க ஊரு மேச்சேரிக்கே வந்து, 'உடனே புதுசா ஒரு வெப்சைட்டு வேணும்மா'ன்னு நின்னாரு. மூஞ்சியே சரியில்ல.

– உன்னத் தேடிக்கிட்டு மேச்சேரி வரைக்குமா வந்தாங்க? எங்கிட்ட போன்ல பேசுனேன்னுதான் சொன்னாங்க... அது அந்த சிமெண்ட் கம்பெனி விசயம் கண்ணு. நூத்தியெம்பது லாரி. அத்தனைக்கும் தார்ப்பாய் மாத்தறாங்களாம். சிமெண்டுன்னா உனக்குத் தெரியும், ஒரு சொட்டு எறங்குனாலும் மூட்டை கல்லு. அங்க கைலாசம்னு ஒரு சாரு கூப்பிட்டாரு. மொதக் கேள்வியே, உங்க வெப்சைட்டுல இருக்கற பனி லாரி போட்டோ இன்னொரு கம்பெனி வெப்சைட்டுலயும் இருக்குதே, எது உங்க கடைன்னு.

– அய்யய்யோ.

– அதையாச்சும் சமாளிச்சுட்டாங்க. அடுத்தாப்புல, துணியோட கனம் எத்தன ஜிஎஸ்எம்மு, தையலு எத்தன மடிப்பு, கயிறு கோக்கற ரிங்குக்கு ரிங்கு எத்தன எடவெளின்னு கேட்டிருக்காரு. அவிக, இருங்க கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டாங்க. 'யாரக் கேட்டு? ஓனரு நீங்கதான?'ன்னு அந்தாளு கேட்டாரு பாரு... பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். அவிக மூஞ்சி இருண்டு போச்சு. போனக் கையில குடுங்க, நான் சொல்றேன்னு சைகை காட்டுனேன். குடுக்கல. அதுக்குள்ள அவரு வெச்சுட்டாரு. அன்னிக்கு அவிகளுக்குச் சோறு எறங்கல.

– எங்கப்பா ஆடு வளக்கறவருங்க. சந்தைல ஆடு வாங்க வாரவன் மொதல்ல பல்லப் புடிச்சுப் பாப்பான். பல்லக் காட்டாத ஆட்ட எத்தன கொழுப்பா இருந்தாலும் வாங்க மாட்டான். அந்தச் சாரு பல்லுப் புடிச்சுப் பாத்தாருங்க, அவ்வளவுதான்.

– நீ நல்லாத்தான் பேசற. பாரு, தச்சுக்கிட்டே பேசுனதுல மணி ரண்டு தாண்டிருச்சு, இவிகளக் காணோம். கீழ என்னமோ பொடி எழுத்துல இருக்குதே, அது என்ன?

– அதுங்களா... 'வடிவமைப்பு: ரஞ்சிதா, மேச்சேரி'.

– பாரேன், உன்ற பேரப் போட்டுக்கிட்ட.

– நான் செஞ்சதுங்களே. கோயமுத்தூருல நாலு வருசம் ஒரு கம்பெனில இருந்தேன். நாப்பது வெப்சைட்டு செஞ்சேன். ஒண்ணுலகூட எம்பேரு கெடையாது. அதுக்காகத்தானுங்க வேலைய உட்டுட்டு ஊருக்கு வந்து தனியா ஆரம்பிச்சேன். செஞ்சவ பேரு ஒரு மூலைலயாச்சும் இருக்கோணும்னு. உங்களோடது ஆறாவது... அக்கா, கடை போனு அடிக்குதுங்க.

– அடிக்கட்டும். அவிக வந்து பேசுவாங்க.

– நின்னுட்டு மறுபடி அடிக்குதுங்க. யாருன்னு பாருங்க. 'கைலாசம் சிமெண்ட்'னு வருது.

– அட சாமி! இப்பவா? எங்க போனாங்க இவிக? ரஞ்சிதா, நீ எடேன்.

– நான் எடுத்து என்னங்க சொல்றது? எனக்கு ரிங்கு எடவெளி தெரியுமா?

– இரு... அலோ. ஆமாங்க, கனிஷ்கா தார்ப்பாய்தானுங்க. ...வணக்கமுங்க சார். ...அவிக வெளிய போயிருக்காங்க. வந்ததும் பேசச் சொல்லட்டுங்களா? ...இல்லீங்க, எப்ப வருவாங்கன்னு... ...சார், வெச்சுறாதீங்க. நீங்க அன்னிக்குக் கேட்டதுதான? அதுக்கு அவிக வரவேண்டியதில்லீங்க. கேளுங்க, நான் சொல்றேன்.

– அப்படிப் போடுங்கக்கா.

– ...பருத்திக் கான்வாஸ் வேண்டாமுங்க சார், சிமெண்டுக்குக் கனம் எச்சாயிரும், மழைல நனைஞ்சா நாலு ஆளு தூக்கோணும். கோட்டிங் போட்ட துணிங்க, அறுநூத்தம்பது ஜிஎஸ்எம். ...தையலு ரண்டு மடிப்பு, மூணு வரிசை. மடிப்போட வாயி பின்பக்கம் பாக்கும். அத மட்டும் நீங்க இப்ப போட்டிருக்கற தார்ப்பாய்ல போயிப் பாருங்க, முன்னால பாத்துக்கிட்டு இருக்கும். அதுலதான் உங்களுக்குத் தண்ணி எறங்குது. ...ரிங்கு ஒண்ணரை அடிக்கு ஒண்ணு, மூலைல மட்டும் ஒரு அடி, அங்கதான் கயிறு இழுக்கும். பித்தளைங்க, இரும்புன்னா துருப்புடிச்சுத் துணியத் தின்னுரும். ...வாரத்துக்கு இருவதுங்க சார். ...நாப்பது முடியாதுங்க. ...இல்லீங்க, வேற எடத்துல குடுத்துத் தச்சு வாங்கித் தர மாட்டேன். இருவதுன்னா இருவது. அதுக்கு மேல வேணும்னு வேகமாத் தச்சா, நீங்க திருப்பி எங்கிட்டதான் கொண்டாருவீங்க. ...

– அக்கா, ஆர்டரு போயிரப் போகுதுங்க...

– கம்முனு இரு. ...இல்லீங்க சார், பக்கத்துல ஒரு புள்ள இருக்குது, அதச் சொன்னேன். ...நானுங்களா? ...நான்... ...தைக்கறது நான்தானுங்க. அளவு போடறது, வெட்டறது எல்லாம். எங்கூட அஞ்சு பொண்ணுங்க. ...ஓனருங்களா? ...ஓனரு நான்தானுங்க சார். சௌந்திரமுங்க. ...ஆமாங்க, அன்னிக்குப் பேசுனது என்ற ஊட்டுக்காரரு. ...இருக்குதுங்க, வெப்சைட்டு புதுசு. ...நாலு மணிக்குங்களா? பாருங்க. தண்ணி ஊத்திக் காட்டற வீடியோவும் அதுலயே இருக்குதுங்க. ...சரிங்க. சரிங்க சார். வணக்கமுங்க.

– என்னங்க சொன்னாரு?

– கண்ணு, அந்தத் தண்ணிச் சொம்ப எடு. மொதல்ல தண்ணி குடிச்சுட்டுச் சொல்றேன்.

– இந்தாங்க. மெதுவாக் குடிங்க. என்ன சொன்னாரு?

– இத்தன வருசத்துல முடியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாம்மான்னு சொன்னாரு. மத்தவங்கெல்லாம் நூறு கேட்டாலும் சரின்னு சொல்றாங்களாம். நாலு மணிக்கு அவங்க கம்பெனி மேனேஜரோட உக்காந்து நம்ம வெப்சைட்டப் பாக்கறாங்க. புடிச்சுருந்தா மொதல்ல இருவது வண்டிக்கு. அது நல்லாருந்தா மீதி நூத்தியறுவதும்.

– அக்கா! எந்திரிங்க, ஒரு தடவ கட்டிப் புடிச்சுக்கறேன்! மணி ரண்டரை ஆச்சு. நாலு மணிக்குள்ள ஏத்தோணும். சொல்லுங்க, அந்தப் போட்டோவ எடுக்கட்டுங்களா, வெக்கட்டுங்களா?

– வெய்யி.

– 'உரிமையாளர்'?

– அதையும் வெய்யி. பொய்யாத் தச்சா எங்கயாச்சும் ஒழுகிரும். அவரு நாளைக்கு நேருல வந்தாருன்னா? வாயால சொன்னது ஒண்ணு, வெப்சைட்டுல ஒண்ணுன்னு இருக்கக்கூடாது. அவிக வந்தா நானே சொல்லிக்கறேன். திட்டுனாத் திட்டட்டும். ஆனா ஒண்ணு. அவிக போட்டோவும் வேணும். என்ற பக்கத்துலயே. அதே அளவுல.

– அண்ணன் பேருக்குக் கீழ என்னன்னு போடறதுங்க? மேனேஜருங்களா?

– மேனேஜரா? வேண்டாம், அது சம்பளத்துக்கு வாரவனுக்கு. அவிகளே காலைல சொன்னாங்களே... 'லாரி தெரிந்தவர்'னு போடு.

– 'மணியன், லாரி தெரிந்தவர்.' அருமைங்கக்கா. எந்த வெப்சைட்டுலயும் இப்படி ஒரு பதவி இருக்காதுங்க. இருங்க, 'எங்களைப் பற்றி' முடிச்சுட்டேன், படிக்கறேன், கேளுங்க. 'புதுத் தார்ப்பாய். ஒரு கிழிசலும் இல்லை. ஆனாலும் சர்க்கரை மூட்டைகள் நனைந்துவிட்டன. பழி ஓட்டுநர் மணியன் மேல் விழுந்தது. அவர் மனைவி சௌந்திரம் அந்தத் தார்ப்பாயை விரித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தவறு எங்கே என்று கண்டுபிடித்தார். துணியில் இல்லை, கயிற்றில் இல்லை, தையலில். அன்றிலிருந்து எங்கள் பட்டறையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு தார்ப்பாயும் இருபது குடம் தண்ணீரைத் தாங்கிய பிறகே வண்டி ஏறுகிறது. அளவைச் சொல்பவர் மணியன். இருபத்திரண்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். தைப்பவர் சௌந்திரம்.' போதுங்களா? ...அக்கா, அழுகறீங்களா?

– இல்ல கண்ணு. நாம செஞ்சத இன்னொருத்தரு அச்சுத் தமிழுல படிச்சுக் கேட்டா, யாரோ பெரிய மனுசி கதையாட்டம் இருக்குது. நான்தானான்னு பாத்தேன். ஒரு எழுத்தும் மாத்தாத. ஏத்து.

– ஏத்தறதுக்கு முன்னால ஒரு தடவ முழுசாப் பாத்துரலாமுங்க. டோல்கேட்டுல நிக்கற டிரைவரு போன்ல தொறந்தா ரண்டு செகண்டுல வரோணும்... வந்துருச்சு. தமிழு, இங்கிலீசு, இந்தி, மூணும் மாறுது. போன வாரம் எடுத்த தண்ணி ஊத்தற வீடியோவும் ஓடுது. பத்து வீலு, பன்னண்டு வீலு, பதினாலு வீலு அளவுப் பட்டியலு சரியா இருக்குது. தொட்டாக் கடை போனுக்கு அடிக்குது. ம், அக்கா, நீங்களே அமுக்குங்க. இந்தப் பச்சைப் பட்டன.

– நானா? கையில சாக்பீஸ் தூளு.

– அதோடவே அமுக்குங்க.

– ...அமுக்கிட்டேன். ஆயிருச்சா?

– ஆயிருச்சுங்க! இப்ப உலகத்துல எந்த மூலைல இருந்து பாத்தாலும் நீங்க தெரிவீங்க. மணி மூணே கால்தான். அண்ணன் போனுக்கும் லிங்க அனுப்பிட்டேன். வெளிய எங்க இருந்தாலும் மொதல்ல அவரு பாக்கட்டும்.

– அனுப்பிட்டியா! நான் நேருல சொல்லலாம்னு இருந்தேனே. மத்தியானச் சோத்துக்குக்கூட வரல. எங்க போயி உக்காந்திருக்காங்களோ. நாலு மணிக்குள்ள அந்தச் சாரு வேற பாப்பாரு... ரஞ்சிதா, அந்த ஆர்டரு வந்தாலும் இவிக மூஞ்சி கொடுத்துப் பேசலன்னா எனக்கு என்ன கண்ணு இருக்குது?

– வருவாருங்க. இருங்க, ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஆர்டரு கேக்கறவங்க எழுதி அனுப்ப ஒரு பக்கம் வெச்சிருக்கேன். எழுதுனா நேரா உங்க போனுக்கு வந்துரும். நான் சும்மா ஒண்ணு எழுதி அனுப்பிப் பாக்கறேன், வருதான்னு... ஏனுங்க, உங்க போன்ல டிங்குன்னு சத்தம் வந்துதே?

– நீ அனுப்புனதுதான?

– நான் இன்னும் ஒரு எழுத்துக்கூட அடிக்கலீங்க.

– அப்ப கைலாசம் சாரா? அதுக்குள்ளயா! எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது, நீயே படி.

– மொத ஆர்டருங்கக்கா! இருங்க... பேரு: மணியன்.

– அவிகளா?

– ஊரு: சங்ககிரி பைபாஸ் முக்கு. எத்தன வீலு வண்டின்னு கேட்ட எடத்துல, 'ஏணி, வீலு கெடையாது'ன்னு போட்டிருக்காருங்க.

– வெயில்ல ஏணி மேலயா? முட்டி வலிய வெச்சுக்கிட்டு அங்க என்ன பண்றாங்க? என்ன வேணும்னு எழுதியிருக்குது? படி புள்ள, படி.

– 'போர்டு எழுதற மயில்சாமியோட காலைல இருந்து இங்கதான் நிக்கறேன். உரிமையாளர்னு இருக்கற எடத்துல என்ற பேர அழிச்சாச்சு. சௌந்திரத்துக்கு முன்னால எந்த இனிஷியலு, உங்கப்பாவோடதா என்னோடதான்னு அவன் கேக்கறான். ஓனரு நீ, நீயே சொல்லு.'